அக்காள் முக்காடிடாத ஞாயிறு

ஜூலை, இரண்டாம் வாரம். திங்கள் மாலை: சித்தூரில் மகன் வீட்டிலிருந்த என் அக்காளுக்கு மூச்சுத்திணறல் கண்டது. டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வர அக்காள் மறுத்தாள்.

செவ்வாய், விடியற்காலை: நித்திரையடைந்தாள். அவளுடைய மகன், மருமகள், நான் ஆகியோர் உடனிருந்தோம்.

புதன், பிற்பகல்: சபையின் கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம். ஆராதனை தமிழிலும் தெலுங்கிலும் நடந்தது. தூறல் இருந்தது, குடை விரிக்கும் அளவுக்கு இல்லை.

வியாழன், காலை: அவள் மகன் என்னிடம் வந்து, "மாமா, வர்ற ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிக்கலாமா? நீங்கதான் பேசணும்" என்றான். இறைவனுக்கு நன்றி சொல்லும் கூட்டம் அது. சரி என்றேன்.

நடந்தவை இவ்வளவே. இன்று வெள்ளி. என் வயதினரே, இதை உங்களுக்கு எழுதுகிறேன். நம்மில் பலர் இப்போது அடிக்கடி ஏதேனும் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறோம். அங்கே பாடப்படுபவை நமக்கு மனப்பாடம். ஆறுதல் மொழிகளை உங்களிடம் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. ஒரு கோடைக்காலத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காளுக்குப் பதினான்கு.

எங்கள் தந்தை சித்தூரில் ஒரு மிஷன் பள்ளியின் கணித ஆசிரியர். கடவுளிடமும் அவர் அளந்தே பேசுவார். மாலை ஜெபத்தில் அவருடைய வேண்டுதல் ஒரு தேற்றத்தை நிறுவுவது போலவே செல்லும்: முதலில் தெரிந்தவை, பிறகு வேண்டுவது, இறுதியில் முடிவு. அவருடைய தமையனார் இதற்கு நேர் எதிர். அவரை நாங்கள் பெரியநைனா என்போம். ஊருக்கு வெளியே மாந்தோப்பு வைத்திருந்தார். ஆலயத்தில் அவர் ஆமென் சொன்னால் ஓட்டுக்கூரையில் அடைந்திருக்கும் புறாக்கள் படபடவென்று எழுந்துவிடும். என் தாயோ சபையில் வாய் திறந்து ஒரு சொல் ஜெபித்ததில்லை. பாடும்போதுகூட அவருடைய உதடு மட்டுமே அசையும்.

அந்த ஆண்டு மா நன்றாகக் காய்த்திருந்தது. தோப்புக் கொட்டகையில் வைக்கோலின் மேல் பரப்பிய பழங்களின் மணமும், காம்பிலிருந்து கசிந்து கையைப் புண்ணாக்கும் பாலின் காரமும் இன்றும் எனக்குச் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அக்காளுக்குக் காய்ச்சல் கண்டபோது பெரியவர்கள் எல்லோரும் ஒருமனதாக, "மாம்பழச் சூடு" என்றார்கள். மோர் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அந்நிலையிலேயே திருப்பதியில் ஓர் உறவினர் திருமணத்துக்கு அவளை அழைத்துச் சென்றார்கள். பந்தியில் உட்கார்ந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இலையின் மேலேயே சாய்ந்தாள்.

நம்மவர்கள் நோய் என்றால் வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள். அவ்வளவு தூரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டைபாய்டு முற்றிக் குடலில் ஓட்டை விழுந்திருந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியிலேயே அன்று அறுவை நடந்தது. உயிர் தங்கியது, காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் தெலுங்கர், வயதானவர். கேட்கும்போதெல்லாம், "சூத்தாம்" என்பார். பார்ப்போம் என்று பொருள். அதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து பெயராது.

தாயும் தந்தையும் அங்கேயே தங்கினார்கள். நான் சித்தூரில் பெரியநைனா வீட்டில் இருந்தேன். அவர் சில நாளுக்கு ஒருமுறை மாற்றுத் துணியும், திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜாவில் கஞ்சியும் எடுத்துக்கொண்டு திருப்பதிக்குப் போவார். என்னையும் அழைத்துச் செல்வார். கரிப்புகை கண்ணில் விழும் அந்தச் சிறிய ரயில் மலைக்குச் செல்பவர்களால் நிறைந்திருக்கும். போகிறவர்களுக்குத் தலை நிறைய முடி. வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசிய மொட்டை. சந்திரகிரி தாண்டி மலை தென்பட்டதும் பெட்டி முழுவதும் "கோவிந்தா" என்று எழும். பெரியநைனா அப்போது கண்களை மூடிக்கொண்டு, உரக்க, எங்கள் பாட்டு ஒன்றைப் பாடுவார். யாரும் கோபித்ததில்லை. ஒரு முதியவர் அவருக்குத் தாளம்கூடப் போட்டார்.

இனி, அந்தத் தலைமுடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காளின் சடை நீண்டது; அதைப் பின்னி முடிக்கத் தாய்க்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். காய்ச்சலில் அது சிக்கேறித் திரண்டு, தலையில் வைத்த ரப்பர் ஐஸ் பையின் குளிர்ச்சியை உள்ளே விடவில்லை. எடுத்துவிடுவது நல்லது என்று நர்ஸ் சொன்னார். தந்தை பள்ளி திறக்கும் முன் விடுப்புச் சொல்லிவைக்கச் சித்தூர் சென்றிருந்த நாளில், தாய் ஆஸ்பத்திரி நாவிதரை அழைக்கச் சொல்லிவிட்டார்.

உலகின் வேறெந்த ஊரிலும் அது சிகிச்சையின் ஒரு பகுதி. திருப்பதியில் மொட்டைத் தலைக்கு ஒரே பொருள்தான்.

தந்தை திரும்பி வந்து கட்டிலருகே நின்றபோது நானும் இருந்தேன்.

"யாரக் கேட்டு இதச் செஞ்ச?"

"ஜொரத்தக் கேட்டு" என்றார் தாய்.

தந்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம்பெண் பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலோடு கிடந்தாள். நகரிப் பக்கத்து நெசவுக் குடும்பம். துணைக்கு இருந்தவர் அவளுடைய மாமியார்; மருமகளுக்காக நேர்ந்துகொண்டு மலையேறி முடி கொடுத்துவிட்டு வந்திருந்தார். எங்கள் அக்காளின் தலையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னா கண்ணு, நீயும் நானும் ஒரே கடையிலதான் வெட்டிக்கினோமா?"

"உங்களுக்கு வெட்டினவரு நல்லா வெட்டிகீறாரு. எனக்குத்தான் அங்கங்க வுட்டுட்டாரு."

"அடுத்த வாட்டி என் ஆள்கிட்ட வா. ராத்திரி நெலா கணக்கா ஆக்கிடுவான்."

அறுவைக்குப் பின் அக்காள் முதன்முறையாகச் சிரித்தாள். சிரித்த மறுகணமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க ஆன்ட்டி, தையல் இழுக்குது" என்று அழுதாள். பிறகு மறுபடியும் சிரித்தாள்.

அந்த அம்மாள் ஒரு நாள் லட்டு ஒன்றை இலையில் வைத்து என் தந்தையிடம் நீட்டினார். குடலில் தையல் போட்டவளுக்கு லட்டு ஆகாது என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். தந்தை கொள்கையைச் சொன்னார்.

"மன்னிச்சிக்கோங்கம்மா. நாங்க வேதக்காரங்க. இது துன்றதில்ல."

அந்த அம்மாள் கையை மடக்கிக்கொள்ளவில்லை. லட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் தம் கட்டிலுக்குப் போய்விட்டார். மாலையில் அதில் எறும்பு மொய்த்திருந்ததை அவரும் பார்த்தார், தந்தையும் பார்த்தார். மறுநாள் காலை சாத்துக்குடியோடு வந்து நின்றார்.

"சார், இது மார்க்கெட்ல வாங்கினது. எந்தச் சாமிகிட்டயும் காட்டல. கடக்காரன்கூட சாமி கும்புடறவன் மாதிரித் தெரியல."

தந்தை எழுந்து நின்று, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகம் சிவந்திருந்தது. சாறு பிழிந்து அக்காளுக்கு ஊட்டியதும் அவரே. அன்று முதல் விசிறி இருவருக்கும் பொதுவாயிற்று. என் தாய் கண்ணயரும்போது அந்த அம்மாள் விசிறுவார். அவர் அயரும்போது என் தாய் அந்த மருமகளுக்கு விசிறுவார்.

இதற்கிடையில் எங்கள் சபைச் செயலாளரின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து அக்காளைப் பார்த்துவிட்டுச் சென்றிருந்தார். அடுத்த ஞாயிறு சித்தூர் ஆலயத்தின் மணிக்கூண்டு அடியில், ஆராதனை தொடங்குவதற்கு முன்பே, செய்தி எங்களுக்கு முன்னால் வந்து நின்றது.

"வாத்தியார் பொண்ணு மொட்டையாமே?"

"ஜொரத்துக்கு எடுத்தாங்களாம்."

"ஜொரத்துக்கு எடுக்கறதா இருந்தா வேலூர்ல எடுக்கக்கூடாதா? திருப்பதியிலதான் எடுக்கணுமா?"

"பெத்த வயிறு. பயத்துல எங்கயாவது நேந்துக்கினு இருக்கும். நாம இன்னா கண்டோம்?"

பெரியநைனா என் தோளைப் பற்றியிருந்தார். அந்தப் பிடி இறுகியது. உள்ளே சென்று அமர்ந்தோம். அறிவிப்புகள் முடியும் தறுவாயில் அவர் எழுந்தார்.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் நம்ம மாந்தோப்புல ஸ்தோத்திரக் கூட்டம். எல்லாருக்கும் அங்கதான் சாப்பாடு. என் தம்பி பொண்ணு சொகமாயி வந்து உங்க முன்னால நிப்பா. கர்த்தர் பெரியவர்னு அன்னிக்குப் பாருங்க."

போதகர் மெல்லக் கேட்டார்: "ஐயா, டாக்டர் சொல்லிட்டாரா?"

"டாக்டருக்கு மேல ஒருத்தர் சொல்லிட்டாரு ஐயா."

சபை ஆமென் என்றது. புறாக்கள் எழுந்தன. முந்தின நாள் வார்டில் டாக்டர், "சூத்தாம்" என்றதைக் கேட்ட இருவர் அங்கே இருந்தோம்: அவர் ஒருவர், நான் ஒருவன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் தோப்பு வாசலில் நின்று வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு ரயில்ல போறோம். உங்க நைனாகிட்ட நீ சொல்லிடு. நீ சொன்னா கோவிக்க மாட்டான்" என்றார். அன்று அவருடைய விசுவாசத்தின் அளவைக் கண்டு வியந்தேன். இப்போது, அவர் வயதையும் தாண்டிய பின், அது விசுவாசமன்று என்று எனக்குத் தெரிகிறது. அந்த மனிதர் பயந்திருந்தார். குழந்தை இறந்துவிடுவாளோ என்ற பயமும், தம் வீட்டுப் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் உரக்கப் பேசிவிட்டார்.

மறுநாள் வார்டில் நானே சொன்னேன். தந்தை என்னைக் கோபிக்கவில்லை.

"அண்ணா, எந்த தைரியத்துல சொன்ன? புள்ளைக்கு இன்னும் ஜொரம் எறங்கல."

"விசுவாசத்துல சொன்னேன்."

"இது விசுவாசமில்ல. கர்த்தருக்கு நீ நாள் குறிச்சிக் குடுத்துட்டு வந்துகீற."

"ஊர்ல இன்னா பேசிக்கினு கீறாங்கன்னு உனக்குத் தெரியுமாடா? நீ இங்க ஒக்காந்துகினு தர்மாமீட்டரப் பாத்துக்கினு கீற. அங்க ஒம் பொண்டாட்டி மலைக்கு நேந்துக்கினான்றாங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நகரி அம்மாள் விசிறியை நிறுத்தினார். அக்காள் கண் திறக்கவில்லை. அவளுடைய உதடுகள் வெடித்து வெளுத்திருந்தன. என் தாய் அவற்றை ஈரத் துணியால் ஒற்றிக்கொண்டே பெரியநைனாவிடம் கேட்டார்:

"மாமா, ஆட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்மா."

"அப்ப நடத்துங்க. நான் வர்றேன்."

தந்தை திகைத்துப் போனார். "இவள வுட்டுட்டா? நீ வந்து அங்க இன்னா சொல்லப் போற?"

"ஸ்தோத்திரம்தான். கூட்டத்துக்குப் பேரே அதானே."

"சொகமான அப்பால சொல்லலாமே."

தாய் துணியைக் கிண்ணத்தில் நனைத்தார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அப்பால சொன்னா, நல்லபடியா ஆச்சுன்னா சந்தோஷத்துல சொல்றாம்பாங்க. ஆவலன்னா, மனச தேத்திக்கச் சொல்றாம்பாங்க. ரெண்டும் ஆவறதுக்கு முன்னால நான் சொல்ல வேண்டியது ஒன்னு கீது."

"போய்ட்டு வாம்மா" என்றார் நகரி அம்மாள். "இன்னா பேச்சு இது? விசிறி என் கையிலதானே கீது. எம் மருமவ எழுந்து நடக்கறா. நான் இந்தப் பொண்ணப் பாத்துக்கறேன்."

அந்த வாரம் காய்ச்சல் இறங்கவில்லை. சனிக்கிழமை டாக்டர் நெடுநேரம் நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர், "சூத்தாம்" என்றுகூடச் சொல்லவில்லை. ஞாயிறு விடியலில், அக்காளின் நெற்றியில் கை வைத்துவிட்டு, என் தாய் ரயிலேறினார்.

தோப்பில் மரங்களுக்கடியில் பாய் விரித்திருந்தார்கள். அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. லவங்கமும் மாம்பாலும் விறகுப் புகையும் ஒன்றாக மணத்தன. சபை முழுவதும் வந்திருந்தது. இந்து அண்டைவீட்டாரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் வந்தவுடன் ஒரு முறை சுற்றிப் பார்த்தார்கள். அவர்கள் யாரைத் தேடினார்கள் என்று எனக்குத் தெரிந்தது. போதகர் ஜெபித்து முடித்ததும் பெரியநைனா எழுந்தார், வாய் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அவ்வளவு பெரிய குரலுக்குரியவர் அப்படி நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

பெண்கள் பக்கத்திலிருந்து என் தாய் எழுந்து முன்னே வந்தார்.

"எம் பொண்ணு வரல" என்றார். "சொகமாயிட்டான்னு சொல்லி யாரையாவது கூப்ட்டிருந்தா, அது இன்னும் ஆவல. ஜொரம் அப்படியேதான் கீது. தல மொட்டதான். ஆஸ்பத்திரி நாவிதர்தான் எடுத்தாரு, நான்தான் எடுக்கச் சொன்னேன். ஐஸ் படணும்னு எடுத்தது. அவ்ளோதான் அந்தக் கத."

யாரோ இருமினார்கள். தாய் காத்திருந்தார்.

"இவளுக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சு. உங்களுக்குத் தெரியும், நீங்கதான் மண்ணுக்கு எடுத்துக்கினு போனீங்க. அப்பால இவ பொறந்தா. நின்னா. நின்னதோட போவல. ஓடினா, சண்ட போட்டா, தம்பிய அடிச்சா, அவங்க நைனா போட்ட கணக்குலயே தப்பு கண்டுபுடிச்சா. இதெல்லாம் நான் கேட்டு வாங்கினதில்ல. கேக்கற தைரியமே எனக்கு அப்ப இல்ல. கர்த்தரே குடுத்தாரு. பதினாலு வருஷம் குடுத்துகீறாரு. இதுக்கு ஒரு ஞாயித்துக்கெழமகூட நான் எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொன்னதில்ல, வெக்கமா இருந்துச்சு. இன்னிக்குச் சொல்லிக்கிறேன். நாளைக்கு அவள எடுத்துக்கினாலும் குடுத்தது குடுத்ததுதான். அத யாரும் இல்லன்னு ஆக்க முடியாது."

தலைப்பை இழுத்துத் தோளில் செருகிக்கொண்டார்.

"இன்னொன்னு. இந்த நேரத்துல அவளுக்கு விசிறிக்கினு ஒக்காந்திருக்கறது மலைக்கு முடி குடுத்த ஒரு அம்மா. அவங்கள அந்தக் கட்டில் பக்கத்துல கொண்டாந்து ஒக்கார வச்சவரு யாருன்னு எனக்குத் தெரியும். அதுக்கும் ஸ்தோத்திரம். இதுக்கு ஆமென் சொல்றவங்க சொல்லுங்க. சொல்லாதவங்க சாப்ட்டுட்டுப் போங்க."

முதல் ஆமென் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. சொன்னவர் செயலாளரின் மனைவி. சொல்லிவிட்டு அவர் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நேரே அடுப்படிக்குப் போய்ப் பந்தி பரிமாறத் தொடங்கினார். அதன் பிறகு வந்த ஆமென்னில் பெரியநைனாவின் குரலைத் தனியே பிரித்துக் கேட்க முடியவில்லை. சபை முழுவதும் அவரளவுக்கு உரக்கச் சொல்லியது.

தாய் ஒரு வாய் மட்டும் உண்டுவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு பிற்பகல் ரயிலைப் பிடித்தார். பெட்டியில் "கோவிந்தா" எழுந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்திருந்தன. தோப்பில் அவ்வளவு நிமிர்ந்து நின்றவர் ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பற்றிக்கொண்டுதான் படியேறினார்.

பொழுது சாயும் வேளை. வார்டு வாசலிலேயே நகரி அம்மாள் நின்றிருந்தார். கையில் விசிறி இல்லை.

என் தாய் அங்கேயே நின்றுவிட்டார்.

"விசிறி எங்க?"

"வாணான்னுட்டா."

"இன்னா?"

"குளுருதாம்! மத்தியானத்துலேந்து வேத்துக் கொட்டுது. ரெண்டு போர்வ மாத்திட்டோம். ஒடம்பு சில்லுனு கீது. போய்ப் பாரு, வாய மூடாம பேசிக்கினு கீறா."

அக்காள் தலையணையில் சாய்ந்திருந்தாள். கண்கள் குழிக்குள் இருந்தன. ஆனால் அவை அவளுடைய கண்களாகவே இருந்தன. தாயைக் கண்டதும் கேட்டாள்:

"எனக்கு இன்னா எடுத்துக்கினு வந்த?"

தாய் தம் வெறும் கைகளைப் பார்த்தார்.

"எனக்காகத்தானே கூட்டம்? பிரியாணின்னு நைனா சொன்னாரு. ஊரே துன்னுச்சு. எனக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக்கினு வரணும்னு உங்களுக்குத் தோணலயா?"

சபையின் முன் அப்படிச் சாட்சி சொன்ன பெண்மணி, மகள் உண்பாள் என்று எண்ணவேயில்லை; ஒரு பருக்கையும் எடுத்து வரவில்லை. தாய் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். ஜன்னலருகே நின்ற தந்தையும் சிரித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "பர்வாலேது" என்றார். இனிக் கவலையில்லை என்று பொருள். "கஞ்சி மாத்திரம்" என்று விரலை ஆட்டினார். அக்காள் அவரை முறைத்தாள்.

நகரி அம்மாள் மறுநாள் மருமகளோடு ஊர் திரும்பினார். தந்தை ஸ்டேஷன் வரை அவர்களுடைய மூட்டையைச் சுமந்து சென்றார்.

முதல் மழை விழுந்த பின் அக்காள் ஆலயத்துக்கு வந்தாள். தலையில் நெல் நாற்றங்கால் போல முடி துளிர்த்திருந்தது. புறப்படும் வேளையில் வீட்டில் சண்டை.

"முக்காடு போட்டுக்கினு வாடி. இன்னும் முழுசா மொளைக்கல."

"போட மாட்டேன்."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். தலையில கீற முடியெல்லாம் கர்த்தர் எண்ணி வச்சிகீறாருன்னு சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க இல்ல? இப்ப எண்ணிக்கட்டும். சுலபமா கீது."

தாய் அடிக்கக் கை ஓங்கினார். தந்தை, எதையும் அளந்தே அனுமதிப்பவர், "வரட்டும் வுடு" என்றார்.

எங்கள் ஆலயத்தில் அந்நாளில் பெண்கள் எல்லோரும் தலையை மூடியே அமர்வார்கள். வெள்ளைத் தலைப்புகள் நிறைந்த அந்த வரிசைகளுக்கு நடுவே என் அக்காள் திறந்த தலையோடு நடந்து சென்றாள். வயிற்றுத் தையலுக்காகச் சற்றே குனிந்து, ஆனால் அவசரமில்லாமல் நடந்தாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. செயலாளரின் மனைவி நகர்ந்து பாயில் இடம் விட்டார். அவள் அமர்ந்ததும் உள்ளங்கையால் அந்தத் தலையை ஒரு முறை தடவினார். பாட்டு எழுந்தது. நான் ஆண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். என் தாயின் உதடுகளிலிருந்து அன்று குரல் வந்தது. சற்றே சுருதி விலகிய, கனமான, நல்ல குரல். அது அத்தனை ஆண்டுகள் எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

என் வயதினரே, நானும் படித்தவன். சான்றுகளை எடைபோட்டே பிழைப்பு நடத்தினேன். அதே வார்டில் அந்தக் கோடையில் மாண்ட பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய தாய்மார்களும் மன்றாடினார்கள். அதை மறந்துவிட்டுக் கடவுள் பெரியவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதை மறக்காமலே சொல்கிறேன்: அவர் பெரியவர். காய்ச்சல் இறங்கியதால் மட்டும் அல்ல. இறங்குவதற்கு முன்பே, இறங்காமலே போகக்கூடும் என்று அறிந்த ஒரு பெண்ணை எழுந்து நிற்க வைத்து, பெற்றதையெல்லாம் பெற்றதாகச் சொல்ல வைத்ததால். எங்கள் தந்தையின் அளவையையும், பெரியநைனாவின் பயத்தையும், நகரி அம்மாளின் விசிறியையும் ஒரே வீட்டுக்கு ஆசீர்வாதமாகச் சேர்த்துக் கொடுத்ததால்.

அக்காள் அதன் பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தாள். தந்தையின் கணிதத்தையே எடுத்துப் படித்து, பெண்கள் பள்ளியில் கற்பித்தாள். மணமுடித்தாள், பெற்றாள், பேரப்பிள்ளைகளை அதட்டினாள், எங்கள் பெற்றோர் இருவரையும் தன் மடியில் வைத்து அனுப்பினாள். என் மனைவி மறைந்த ஆண்டில் நாள்தோறும் எனக்குச் சோறு அனுப்பினாள். உப்புக் குறைவு என்று ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. இவற்றில் ஒன்றையும் என் தாய் தோப்பில் நின்ற நாளில் அறியார். அறியாமலே அவர் நன்றி சொன்னார். எனக்கோ முழுவதும் தெரியும். ஞாயிறன்று நான் எழுந்து நிற்கும்போது என் குரல் தடுமாறலாம். சொல்ல வேண்டியதில் தடுமாற்றம் இல்லை.

செய்யாமல் கிடப்பவை:

கல்லறைக் கல்லின் அளவைக் கல்வேலைக்காரரிடம் சொல்ல வேண்டும், இருமுறை கேட்டுவிட்டார்.

அடக்கத்துக்கு வர இயலாமல் போனில் அழுத அவளுடைய பழைய மாணவிகளைத் திரும்ப அழைத்துப் பேச வேண்டும்.

அவளுடைய மாத்திரைகளில் பிரிக்காதவற்றைச் சபையின் இலவச மருந்தகத்தில் சேர்க்க வேண்டும்.

தெலுங்கில் பேசுவது யார் என்று போதகரிடம் கேட்க வேண்டும்.

ஸ்தோத்திரத்தை எதிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். எனக்குத் தந்திருப்பது பத்து நிமிடம். எதை விடுவது என்று தெரியவில்லை.